நோன்பு திறந்த பிறகு வரும் பத்து நிமிடம்

(நோன்பு மாதத்துக்கு முன்னர் கல்முனையில் நடந்த சங்க உறுப்பினர் குடும்ப ஒன்றுகூடலில், தோட்டப் பாடசாலை ஆசிரியரான நமது அமைப்பாளர் ஆற்றிய உரை.)



சிகரெட், பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை, இவற்றை விடுவது பற்றிக் கதைக்கச் சொன்னார்கள். "கெடுதி, விடுங்கள்" என்று சொல்வதற்கு ஒரு ஆள் மைக் பிடிக்கத் தேவையில்லை. 2015 முதல் சிகரெட் பெட்டியின் முன்னும் பின்னும் 80 வீத இடத்தில் நோய்ப்பட்ட வாயையும் நுரையீரலையும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் பெட்டியைத் திறக்கிறோம். கெடுதி எல்லோருக்கும் தெரியும். "தெரியும் சேர், ஆனா ஏலாது" என்பதுதான் நான் போகிற இடமெல்லாம் கேட்கிற பதில். அந்த "ஏலாது" எங்கே இருக்கிறது என்று இன்று கொஞ்சம் தேடிப் பார்ப்போம்.

தேடுவதற்கு இந்தக் கரையைவிட நல்ல இடம் கிடையாது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, வருடத்தில் ஒரு மாதம், சிகரெட் குடிக்கிற எத்தனையோ ஆட்கள் பகல் முழுக்க அதைத் தொடுவதில்லை. சஹர் முடிந்ததிலிருந்து மஃரிப் பாங்கு வரை ஏறக்குறைய பதின்மூன்றரை மணித்தியாலம். அந்த நேரத்தில் கடலுக்குப் போகிறார்கள், தறி நெய்கிறார்கள், வயலில் நிற்கிறார்கள், லொறியில் மூட்டை ஏற்றுகிறார்கள். மற்ற மாதங்களில் ஒரு மணித்தியாலம் தாங்காத அதே மனிதர்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வாத்தியார் வந்தால் கணக்கு வராமல் போகாது. புகையிலையில் நம்மைக் கட்டிப்போடுவது நிகோட்டின். இரத்தத்தில் இருக்கும் நிகோட்டின் சுமார் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. சஹர் நேரம் கடைசியாகக் குடித்தது அதிகாலை 5 மணிக்கு 64 பங்கு என்று வையுங்கள். 7 மணிக்கு 32. 9 மணிக்கு 16. பதினொன்றுக்கு 8, ஒன்றுக்கு 4, மூன்றுக்கு 2. பின்னேரம் 5 மணிக்கு ஒரே ஒரு பங்கு. நோன்பு திறக்கும் நேரத்தில் உங்கள் இரத்தம் நிகோட்டினிலிருந்து ஏறக்குறையக் கழுவப்பட்டுவிட்டது.

அப்படியென்றால், நோன்பு நாளில் முற்பகல் பதினொரு மணிக்கு ஏன் பைத்தியம் பிடிப்பதில்லை? சாதாரண நாளில் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் இருத்தினால் ஏன் கால் ஆடுகிறது?

இதற்கு விமானத்தில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு பதில் கிடைத்தது. விமானத்துக்குள் புகைக்க முடியாது. புகைக்கும் பழக்கமுள்ள பணியாளர்களைக் குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும் வைத்து, எந்த நேரத்தில் ஆசை எவ்வளவு என்று எழுதச் சொன்னார்கள். 2010 இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கடைசி சிகரெட் குடித்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைவிட, இறங்குவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதோடுதான் ஆசை கூடுதலாகச் சேர்ந்து ஓடியது. குறுகிய பயணத்தில் விமானம் இறங்கப் போகிற நேரம் ஆசை உச்சத்தில். நீண்ட பயணத்தில் அதே அளவு நேரம் கடந்திருக்கும், ஆனால் இன்னும் நடுவானம், ஆசை குறைவு.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. லுஹர் வரைக்கும் ஞாபகமே வராது. அஸருக்குப் பிறகு கண் மணிக்கூட்டுக்குப் போகும். நிகோட்டின் மூன்று மணிக்கே போய்விட்டது. ஆசை ஐந்தரைக்குத்தான் எழும்புகிறது. கதவு திறக்கப் போகிறது என்று அதற்குத் தெரியும்.

உடம்பு நிகோட்டினைக் கேட்பது உண்மைதான். அதைச் சின்னதாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் பாதி ஆசையாவது நேரத்தோடும் இடத்தோடும் ஆளோடும் ஒட்டிக்கிடக்கிறது. தேத்தண்ணிக் கோப்பை, கடை வாசல் வாங்கு, அதில் இருக்கிற மச்சான், சம்பள நாள். இவற்றை அடையாளம் கண்டுவிட்டால் அந்தப் பாதியைக் கையாளலாம்.

அந்த ஆபத்தான நேரத்துக்கு வருவோம். பாங்கு சொல்கிறது. ஈத்தம்பழம், தண்ணீர், கஞ்சி. தொழுதாயிற்று. கையில் பிளேன்டீ. கால் தானாகக் கடை வாசலுக்குப் போகிறது. பதின்மூன்றரை மணித்தியாலம் காய்ந்திருந்த மூளைக்கு முதல் இழுப்பில் ஒரு கிறுகிறுப்பு வரும். "இதுக்காகத்தான் பகல் முழுக்க இருந்தன்" என்று சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பகல் முழுக்கச் செய்த வேலை அந்த இடத்தில் அழிந்து, கணக்கு மறுபடி 64 இலிருந்து தொடங்குகிறது.

ஒரு ஆசை அலை வந்தால் அது பொதுவாகச் சில நிமிடங்களில் தணிந்துவிடும். பத்து நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். கரையில் வளர்ந்தவர்களுக்கு அலையைப் பற்றி நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே நோன்பு திறந்த பிறகு வரும் முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும். கடைப்பக்கம் போகாத வழியால் வீட்டுக்குப் போங்கள். தேத்தண்ணியை நின்று குடிக்காமல் வீட்டுக்குள் இருந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குடியுங்கள். வாய்க்கு ஒரு கராம்பு, ஏலம், இஞ்சித் துண்டு. கைக்கு ஏதாவது வேலை. சைக்கிள் துடைத்தாலும் சரி. தறாவீஹ் வரைக்கும் ஒரு கூட்டாளியோடு கடற்கரையில் நடக்கலாம், அவரும் விடுகிற ஆளாக இருந்தால். சஹருக்கும் இதே ஏற்பாடுதான். பெட்டியும் லைற்றரும் வீட்டிலேயே இல்லாதிருந்தால் பாதிச் சண்டை குறையும்.

முதல் இரண்டு மூன்று நாள்தான் கடும் நாட்கள். கோபம், தலையிடி, தூக்கமின்மை, எதிலும் மனம் பதியாமை. அதற்குப் பிறகு இறங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். நோன்பு மாதம் 29 அல்லது 30 நாள். கணக்கு எவ்வளவு பொருத்தமாக விழுகிறது பாருங்கள். ராத்தாமாருக்கு ஒரு வார்த்தை: அந்த மூன்று நாளும் "இவருக்கு என்ன பிடிச்சது" என்று நினைக்க வேண்டாம், நிகோட்டின் இறங்குகிறது. தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: கோபம் வருவதற்கு அது காரணம், வீட்டில் சத்தம் போடவும் கை நீட்டவும் அது காரணமாகாது.

தேத்தண்ணியைக் குறையுங்கள் என்று தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனாலும் கேளுங்கள். புகை, தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனை உடம்பு சீக்கிரம் கரைக்கும்படி செய்கிறது. புகை நின்றால் கஃபீன் நீண்ட நேரம் தங்கும். வழக்கமான நான்கு கோப்பையும் ஏழெட்டுக் கோப்பை போல வேலை செய்யும். நெஞ்சு படபடக்கும், இரவு நித்திரை வராது. "சிகரெட் இல்லாமத்தான் இப்படி" என்று நினைத்து மறுபடி பற்றவைப்பார்கள். முதல் சில வாரம் பாதியாகக் குடியுங்கள்.

இனி நம் வேலைத்தலத்துக்கு வருகிறேன். இதைச் சங்கம் பேசாவிட்டால் வேறு யாரும் பேச மாட்டார்கள். மலையில் ஒருவர் "களைச்சிட்டேன், ஐந்து நிமிடம் இருக்கிறேன்" என்று கங்காணியிடம் சொன்னால் ஏச்சு விழும். "ஒரு பீடி இழுத்திட்டு வாறேன்" என்றால் விடுவார்கள். கரும்பு வெட்டுகிற இடத்திலும் இதே கதையை அண்ணன்மார் சொன்னார்கள். ஓய்வு கேட்க முடியாத இடத்தில் பீடிதான் ஓய்வுக்கு அனுமதிச் சீட்டு. பீடி குடிக்காதவருக்கு அந்த ஐந்து நிமிடமும் கிடையாது. இப்படி வைத்துக்கொண்டு தொழிலாளிக்கு மனவுறுதி இல்லை என்று பேசுவது நியாயமில்லை. புகைக்கிறவருக்கும் புகைக்காதவருக்கும் முற்பகலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று நேரம் குறித்த இடைவேளை வேண்டும் என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் கோரிக்கையாக வைக்கும்படி நமது கிளைகளிடம் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டி என்று மருந்துகள் இருக்கின்றன. புகையின் விஷமில்லாமல் கொஞ்சம் நிகோட்டினைக் கொடுத்து, படிப்படியாக இறக்கிவிடுபவை. உலக சுகாதார நிறுவனம் 2009 இல் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தோட்ட வைத்திய நிலையத்தில் பனடோல் இருப்பதுபோல் இவையும் இருக்க வேண்டும் என்று நாம் கேட்கலாம்.

பெண்கள் பக்கம் சிலர் "இது ஆம்பிளைகள் கதை" என்று சிரிப்பது தெரிகிறது. வெற்றிலை வட்டாவுக்குள் இருக்கிற புகையிலையிலும் அதே நிகோட்டின்தான். மழையில் கொழுந்து பறிக்கும்போது பசியும் குளிரும் தெரியாமலிருக்கப் போடுகிறோம் என்று அம்மாமார் சொல்வார்கள். நிகோட்டின் பசியை மறைக்கும் என்பது சரி. ஆனால் இலங்கையில் ஆண்களுக்கு ஆகக்கூடுதலாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலைக்கூட்டு அதற்குப் பெரிய காரணம்; பெண்களையும் அது விடுவதில்லை. புகையிலையை எடுத்துவிட்டால் போதும் என்றும் இருந்துவிட முடியாது, பாக்கே புற்றுநோயைத் தரும். வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் முன்போல் அகலத் திறக்காமை, உறைப்பு தாங்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். நோவு வரும்வரை பார்த்திருக்க வேண்டாம், ஆரம்பத்தில் நோவே இருக்காது.

பிள்ளைகளைப் பற்றி வாத்தியாராக ஒன்று. "மகன், கடைக்குப் போய் ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வா" என்று அனுப்புகிறோம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்கக்கூடாது. கொடுத்த கடைக்காரர் குற்றவாளி ஆகிறார். அனுப்பிய வாப்பாவைச் சட்டம் கேட்காவிட்டாலும், எந்தப் பெட்டி என்ன நிறம், என்ன விலை என்று அந்தப் பிள்ளை ஆறாம் ஆண்டிலேயே படித்துவிடுகிறான். என் வகுப்பில் மாகாணங்களின் பெயர் சொல்லத் திணறுகிற பிள்ளைகள் சிகரெட் வகைகளை வரிசையாகச் சொல்கிறார்கள்.

காசைப் பற்றி நீளமாகப் பேச மாட்டேன். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் வீதியில் நின்றோம்! 2021 இல் கிடைத்தது. 2024 இல் 1,350 ஆனது. உங்கள் கடையில் இன்றைக்கு ஒரு சிகரெட் என்ன விலை, ஒரு நாளைக்கு எத்தனை, அதை முப்பதால் பெருக்குங்கள். மாதத்தில் எத்தனை நாள் சம்பளம் அது என்று வீட்டுக்காரியோடு இருந்து போட்டுப் பாருங்கள். நாட்டில் சட்டப்படி சிகரெட் செய்வது ஒரே கம்பனி. அதில் 84 வீதப் பங்கு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுடையது. தோட்டத்திலிருந்து இலாபம் இலண்டனுக்குப் போன கதை நமக்குப் பழக்கம். இது அதே ஊருக்குப் போகிற இன்னொரு பாதை.

உதவி எங்கே? புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைக்கு ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது: 1948. விட விரும்புகிறவர் அழைத்து ஆலோசனை கேட்கலாம். மலையகத் தோழர்களுக்கு இந்த இலக்கத்தை மனனம் செய்யத் தேவையில்லை, நமது குடியுரிமை பறிபோன ஆண்டு அது. 35 வயதைத் தாண்டியவர்கள் அரச வைத்தியசாலையில் பிரஷர், சீனி பார்க்கும் கிளினிக்குக்குப் போகும்போது, கேட்காவிட்டாலும் "நான் புகைக்கிறேன், விட வேண்டும்" என்று சொல்லுங்கள்.

இடையில் ஒருநாள் வழுக்கி ஒன்றைக் குடித்துவிட்டால்? பலருக்கு அப்படி நடக்கும். நிரந்தரமாக விட்டவர்களில் அநேகர் முதல் தடவையில் விட்டவர்கள் அல்ல. ஒன்று குடித்துவிட்டோமே என்று பெட்டியை முடிக்க வேண்டாம். எந்த இடத்தில், யாரோடு, எத்தனை மணிக்கு என்று மட்டும் ஞாபகம் வையுங்கள். அடுத்த தடவை காவல் போடவேண்டிய இடம் அது.

பின்வரிசையில் இருக்கும் காக்கா ஒருவர் துண்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்: "மாதம் முழுக்கச் சமாளிப்பேன், பெருநாள் அன்று என்ன செய்வது?" நல்ல கேள்வி. பெருநாளன்று சாப்பாடு வயிறு நிறைய, கையில் காசு, வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் பெட்டியை நீட்டுவார். ஒரு மாதம் மூடியிருந்த கதவு அன்று காலையிலேயே திறக்கிறது. ஆசையும் வரும், விமானத்தில் வந்த அதே ஆசை. அதனால் பெருநாளை முடிவு நாளாக வைக்காதீர்கள். இப்போதே மச்சானுக்கு ஒரு கோல் எடுத்து "நான் விட்டிட்டன், எனக்கு நீட்டாதே" என்று சொல்லிவிடுங்கள். பெருநாளுக்குப் பின்னுள்ள ஏழு நாளுக்கும் மஃரிபுக்குப் பிறகு யாரோடு இருப்பது என்றும் இப்போதே பேசி வையுங்கள்.

அதற்காகத்தான் வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். விட விரும்புகிறவர் தன் பெயரையும், நோன்பு திறந்த பிறகு தன்னோடு நடக்க வரும் ஆளின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். தனிப் பெயர் எடுக்க மாட்டோம். கிளைச் செயலாளர் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம் இருவரையும் வந்து பார்ப்பார். மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது. எழுதுகிறவர்கள் இப்போது வரலாம்.