தீவகத்து இருளை நீக்குவது யார் பொறுப்பு?

(ஊர்காவற்றுறையில் கூடிய தீவகத் தொண்டர் கூட்டத்தில் நியாயவாதி ஒருவர் நிகழ்த்திய உரை)



மின்சாரத்தைப்பற்றிப் பேச நியாயவாதியை ஏன் அழைத்தீர்கள் என்று வரும் வழியில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆணி அடிக்கவும் கம்பி முறுக்கவும் தெரிந்தவர்கள் உங்களிடையே இருக்கிறார்கள். நான் அவர்களுள் ஒருவனல்லன். ஆயினும் இந்நாட்டில் ஒரு குமிழ் எரிவதும் எரியாமலிருப்பதும் கம்பியை மட்டும் பொறுத்த விடயமன்று. யாருடைய கூரை, யாருடைய கணக்கு, யாருடைய கையொப்பம் என்பவற்றைப் பொறுத்த விடயமுமாகும். அந்த அளவிலே எனக்கும் இங்கே சிறிது வேலை உண்டு.

என் வயதினர் பலர் இங்கே இருக்கிறீர்கள். 1990-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனபோது நாம் சிறுவர்கள். ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் விட்டு, அந்தச் சுடரிலே சோதனைக்குப் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலே வானொலிச் செய்தி கேட்டோம். அவ்வாண்டிலேதான் தீவக மக்கள் படகுகளிலும் வள்ளங்களிலும் ஊரைவிட்டுப் போனார்கள். திரும்பி வராதவர்களின் வீடுகளை இன்றும் புங்குடுதீவிலும் வேலணையிலும் பார்க்கிறோம். இவற்றையெல்லாம் கண்ணீர் விடுவதற்காக நினைவூட்டவில்லை. வேறெவரும் கொண்டுவந்து தராத காலத்தில் நம் கையாலேயே ஒளியை உண்டாக்கியவர்கள் நாம் என்பதை இன்றைய வாலிபர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இன்றைய நிலை யாது? தாம்போதியால் இணைக்கப்பட்ட ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குப் பெருநிலத்திலிருந்து கம்பிவழியே மின்சாரம் வருகிறது. கடல் நடுவே கிடக்கும் நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றின் கதை வேறு. அங்கே மின்சாரமென்றால் பல்லாண்டுகளாக டீசல் இயந்திரமே. எண்ணெய் கடல் கடந்து போக வேண்டும். சோழகம் வீசுங் காலத்தில் அந்தக் கடல் எப்படியிருக்குமென்று குறிகட்டுவான் இறங்குதுறையிலே காத்து நின்றவர்களைக் கேளுங்கள். டீசல் செய்யக்கூடிய தீங்கோ சுன்னாகத்து மக்களுக்குத் தெரியும். அங்கே நிலத்தடி நீரிலே எண்ணெய் கலந்த வழக்கில் உயர்நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் தீர்ப்பளித்து, மின் உற்பத்திக் கம்பெனி இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று கட்டளையிட்டது. கிணற்றுநீரையே நம்பி வாழும் நமக்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா?

இந்நிலையை மாற்ற முயற்சி நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். எழுவைதீவிலே ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் காற்று, வெயில், பற்றரி, டீசல் நான்கையும் ஒருங்கிணைத்த சிறு நிலையம் அமைந்தது. அடுத்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் அதே திட்டம் வந்தது. 2021 ஜனவரியிலே அமைச்சரவை அதனை ஒரு சீனக் கூட்டுக் கம்பெனிக்கு வழங்கத் தீர்மானித்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரிலே சீனர் வருவதா என்று இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரிலே, மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சிலே இந்தியாவுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் 1-ஆந் திகதி 110 லட்சம் டொலர் இந்திய நன்கொடையில் பெங்களூர்க் கம்பெனியொன்றுடன் வேலை ஒப்பந்தம். அதன்படி மூன்று தீவுகளுக்குமாக வெயிலிலிருந்து 1,700 கிலோவாற், காற்றிலிருந்து 530 கிலோவாற்.

நல்லது, வரவேற்கிறோம். ஆனால் முதலாவது தீர்மானத்துக்கும் இந்தக் கையொப்பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன அன்றோ? அக்காலத்துச் செய்திகளை எல்லாம் நான் சேர்த்து வைத்துப் படித்தேன். பாதுகாப்பு என்ற சொல் எத்தனையோ முறை வருகிறது. இரவிலே பிள்ளைப்பேற்று வலியோடு படகுக்குக் காத்திருக்கும் நெடுந்தீவுப் பெண்ணைப்பற்றி ஒரு வரியையும் கண்டேனில்லை. பெரிய வல்லரசுகள் நமது கடலைப் பார்க்கின்றன; கரையிலே குடியிருப்பவர்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நன்கொடையையும் சொல்லவேண்டும். நாடு முழுவதும் 25 மாவட்டங்களிலும் 5,000 வணக்கத்தலங்களின் கூரைகளில் சூரிய மின்தகடு பொருத்தும் திட்டத்தை 2025 ஏப்ரிலிலே இந்தியப் பிரதமர் இங்கு வந்தபோது தொடக்கி வைத்தார். 170 லட்சம் டொலர். தலமொன்றுக்கு 5 கிலோவாற். கோயில், விகாரை, தேவாலயம், பள்ளிவாசல் என்ற பேதமில்லை. இது போற்றத்தக்கதே. ஆனால் நம்மவர் பலரிடம் ஒரு மயக்கம் இருக்கிறது: கூரையிலே தகடு இருந்தால் ஊரெங்கும் மின்சாரம் போனாலும் அந்த மண்டபத்தில் விளக்கு எரியும் என்று நினைக்கிறார்கள். எரியாது! கம்பியோடு மட்டும் இணைத்த தகடு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறித் திருத்துகிறவனைக் காப்பாற்றுவதற்காக இன்வேட்டரை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 9-ஆந் திகதி, பாணந்துறையிலே ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே மின்சாரமிழந்தது என்றார்களே! நல்ல வெயில் எறித்த ஞாயிற்றுக்கிழமை அது. பற்றரியில்லாத கூரைகளிலே தகடுகள் வெயிலை வெறுமனே பார்த்துக்கொண்டு கிடந்தன.

ஆகவே நமது தொண்டர்கள் எடுத்துக்கொள்ளும் வேலை சற்று வேறானது. சனசமூக நிலையம், வாசிகசாலை, சங்கக்கடை, கடற்றொழிலாளர் சங்க மண்டபம், பாடசாலை ஆகியவற்றுள் ஊருக்கு ஒன்றைத் தெரிந்தெடுத்து, அங்கே பற்றரியோடு கூடிய அமைப்பை நிறுவுவது. 5 கிலோவாற் தகடு நமது வெயிலிலே நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 அலகு தரும். இரவுக்காக 5 அலகைப் பற்றரியில் வைத்துக்கொண்டாற் போதும். பத்துக் குமிழ்கள் விடியும்வரை எரியும். மருந்து வைக்கும் குளிர்சாதனப் பெட்டி ஒன்று இயங்கும். ஐம்பது பேருடைய தொலைபேசிக்கு உயிர் வரும். 1964 டிசம்பர்ப் புயலைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்; 2025 நவம்பரில் வந்த டித்வாவை எவரும் மறக்க முடியாது. புயலிரவிலே மக்கள் எங்கே ஓடுவார்கள்? ஊர் மண்டபத்துக்குத்தானே! போர்ட்டோ ரிக்கோ தீவிலே 2017-இல் மரியா புயல் மின்சாரத்தை அடியோடு அழித்தபோது, அட்ஹுந்தாஸ் என்னும் மலையூரில் சூரிய மின்சாரம் வைத்திருந்த ஒரு சமூக நிலையத்துக்கே அயலவர்கள் மருத்துவக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வாலிபர்களுக்குச் சில வார்த்தை. உற்சாகம் வேண்டும், அவசரம் வேண்டாம். நம்முடைய காற்றிலே உப்பு இருக்கிறது. யாழ்ப்பாணப் பட்டினத்திலே பத்தாண்டு கிடக்கும் இரும்பாணி நயினாதீவிலே இரண்டு மாரிக்குத் தாங்காது. துருப்பிடியாத உருக்கு ஆணிகளையே வாங்குங்கள். அதிலே காசு மிச்சம்பிடிப்பவன் பிறகு தகட்டையே இழப்பான். அஸ்பெஸ்டஸ் சீற்றின்மேல் ஏறி மிதிக்காதீர்கள்; மரச்சட்டத்தைக் கண்டறிந்து அதிலே பிடியுங்கள். கூரைக்கும் தகட்டுக்கும் இடையே காற்றுப் போக வழி விடுங்கள். ஆனால் சோழகம் அடியிலே புகுந்து தூக்கிக்கொண்டு போகுமளவுக்கு உயர்த்திவிடாதீர்கள். ஒரு பனையோலையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தால், அதனோடு தொடுத்த வரிசை முழுவதும் சோர்ந்துவிடும். அதற்காகப் பனையைத் தறிக்க வேண்டாம், தகட்டை நகர்த்துங்கள். எல்லாவற்றிலும் முக்கியம்: தகடுகளைத் தொடராக இணைத்தால் நூற்றுக்கணக்கான வோல்ற்று நேரோட்ட மின்சாரம். வெயில் இருக்கும்வரை அதை நிறுத்த ஆளியில்லை. சட்டம் பூட்டுவது, தூக்குவது, குழாய் பதிப்பது தொண்டர் வேலை. கம்பி இணைப்பது தகுதிச்சான்று பெற்ற மின்வினைஞர் வேலை. இதிலே வீரம் காட்ட முற்படுகிறவரை நான் கூரையிலிருந்து இறக்கிவிடுவேன்.

டீசல் தீவுகளிலே இன்னும் ஒரு கவனம். சிறிய இயந்திரத்தோடு எல்லாக் கூரைகளையும் இணைத்துவிட்டால், ஒரு மேகம் வந்து போவதற்குள் அது தடுமாறும். அங்கே மண்டபத்துக்கு மட்டும் தனித்து இயங்கும் அமைப்பே தக்கது.

கமக்காரர்கள் கேட்பீர்கள், எங்கள் கிணற்றுக்கு இதை வைக்கலாமா என்று. வைக்கலாம். ஆனால் செலவில்லாத மின்சாரம் கிடைத்தவுடன் பொழுதெல்லாம் இறைத்தால், கடல்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கும் நமது நன்னீர் உவராகிவிடும். குஜராத்திலே துண்டி என்ற கிராமத்துக் கமக்காரர் ஆறு பேர் 2016-இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தேவைக்கு இறைத்தபின் மிஞ்சிய மின்சாரத்தை மின்சாரக் கம்பெனிக்கு விற்றார்கள். தண்ணீரை வீணாக்காமலிருக்க அவர்களுக்கு ஒரு வருமானம் கிடைத்தது. கம்பி வரும் வேலணையிலே இதைப்பற்றி யோசிக்க இடமுண்டு.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நெடுந்தீவிலே ஒரு வீதியோரத்தில் சூரிய விளக்குக் கம்பம் ஒன்று நிற்கக் கண்டேன். யாரோ அன்பளித்தது, பெயர்ப்பலகை பளபளக்கிறது, விளக்கு எரியவில்லை. பற்றரி செத்து எத்தனையோ மாதம். யாரிடம் சொல்ல வேண்டுமென்று எவருக்கும் தெரியவில்லை. கொடுத்தவர் போய்விட்டார், வாங்கியவர் என்று ஒருவரும் இல்லை! வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகள் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் மனமுவந்து அனுப்பும் பணம் இப்படித் துருப்பிடித்து நிற்கலாமா?

ஸ்கொத்லாந்திலே எய்க் என்றொரு சிறு தீவு. குடிகள் 1997-இல் அந்தத் தீவையே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். 2008 முதல் நீர், காற்று, வெயில் மூன்றாலும் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே ஆக்குகிறார்கள். வீடொன்றுக்கு 5 கிலோவாற்றுக்கு மேல் ஒரே வேளையில் எடுக்க முடியாது. செல்வனுக்கும் அதுவே, ஏழைக்கும் அதுவே. மீறினால் இணைப்பு விழுந்துவிடும். திரும்பப் பெறக் கட்டணம் செலுத்த வேண்டும். இயந்திரங்களைப் பார்ப்பவர்களும் அத்தீவினரே. இந்த ஒழுங்கைத்தான் நாம் கற்க வேண்டும்.

ஆதலால் ஒரு நிபந்தனை வைக்கிறேன். எழுத்தில் உடன்பாடில்லாத கூரையிலே நமது தொண்டர் ஏறமாட்டார். பொருள்கள் பதிவுபெற்ற சங்கத்தின் சொத்து என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து அறிக்கைப் புத்தகத்தில் எழுதவேண்டும். மின்சாரக் கணக்கு தலைவரின் பெயரிலன்றிச் சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். ஏனெனில் விற்ற மின்சாரத்தின் பணம் கணக்குக்காரரையே சேரும், தலைவர் மாறினால் வழக்கு வரும். வழக்கு வந்தால் எனக்கு இலாபம்; ஆயினும் வேண்டாமென்கிறேன். குறைந்த மின்கட்டணத்தால் மாதந்தோறும் மிஞ்சும் தொகையில் பாதியை வங்கியில் தனிக்கணக்காக இட்டு, பற்றரி மாற்றுவதற்கென்றே வைக்கவேண்டும். திருவிழாவுக்கும் அதிலே கை வைக்கக்கூடாது. இளைஞர் இருவர், பெண்கள் இருவர் பராமரிப்புப் பயின்றிருக்க வேண்டும். ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள், வெளிநாட்டுக்கும் போய்விடுவார்கள். பெண்களே ஊரிலிருந்து பார்க்கப்போகிறவர்கள் என்பது நாமறிந்த உண்மை.

உடன்பாட்டுப் படிவத்தை எளிய தமிழிலே எழுதி வந்திருக்கிறேன், இரண்டு பக்கந்தான். சங்கச் செயலாளர்கள் பிரதியொன்றை எடுத்துச்சென்று தத்தம் பொதுக்கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். மாற்ற வேண்டிய வாசகமிருந்தால் குறித்து அனுப்புங்கள். பெயர் கொடுக்க விரும்பும் தொண்டர்களுக்கு வாசலருகே மேசை போட்டிருக்கிறது. முதல் வேலை அனலைதீவிலே. சனிக்கிழமை காலை முதற் படகு; துளைகருவி வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், தண்ணீர்ப் போத்தலையும் தொப்பியையும் மறவாதீர்கள்.