மூக்கு சொல்வதை நாக்கிடமும் கேளுங்கள்



லேபிளை மறைத்துவிட்டு, ஒயின் எந்தத் திராட்சையில் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் எனச் சிலர் கேட்டிருந்தீர்கள். வெள்ளை ஒயின்களில் சுலபமாகப் பிடிபடும் என்று பெயரெடுத்த கெவுர்ட்ஸ்ட்ரமினரையே எடுத்துக்கொள்வோம். பிரான்சின் அல்சாஸ் பகுதி இதற்குப் பேர்போனது.

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் லிச்சிப் பழமும் ரோஜாவும் மணக்கும். இது கற்பனை இல்லை. ரோஸ் ஆக்சைடு என்ற மணப்பொருள் மூன்றிலுமே இருக்கிறது.

ஆனால் மணத்தை மட்டும் நம்பி விடை சொல்லிவிடாதீர்கள். மஸ்கட், அர்ஜென்டினாவின் டொரன்டெஸ் ஒயின்களும் பூப்போல மணக்கும். எனவே இன்னும் மூன்றைப் பாருங்கள்.

முதலில் நிறம். இந்தத் திராட்சையின் தோல் இளஞ்சிவப்பு. ஒயின் பெரும்பாலும் அடர்ந்த பொன்னிறமாக இருக்கும். அடுத்து புளிப்பு. ரீஸ்லிங் என்றால் வாயில் எச்சில் ஊறும்; இதில் புளிப்பு குறைவு. கடைசியாக, விழுங்கிய பின் தொண்டையில் ஆல்கஹாலின் சூடும் லேசான கசப்பும் நிற்கும்.

இன்னொன்று. மணம் இனிப்பாக இருப்பதால் ஒயினும் இனிப்பு என்று தோன்றும். ஆனால் இதில் இனிப்பில்லாத வகையும் உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தால் உண்மை தெரிந்துவிடும்.

பெயர் தப்பினாலும் பரவாயில்லை. லேபிளும் விலையும் நமக்காக முடிவெடுக்காமல், நாமே சுவைத்து முடிவெடுக்கப் பழகுவதுதான் இதன் பயன். கொஞ்சமாகச் சுவையுங்கள், அன்று வண்டி ஓட்டாதீர்கள்.