யானைத் தீவுக்கு ஒரு நாள் பயணம்

(மும்பை தாராவியில் உள்ள ஒரு வயதுவந்தோர் கல்வி மையத்தில், சுற்றுலாவுக்கு முன் நடந்த கூட்டத்தில் பேசியது)



வரும் ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் எலிபெண்டா தீவுக்குப் போகிறோம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று மையங்களில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

போன வாரம் நம் வகுப்பு அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார். "தம்பி, நான் இட்லி விற்கிறவள். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வியாபாரம் நன்றாக நடக்கும். அதை விட்டுவிட்டு, உடைந்த கல்லைப் பார்க்க நான் எதற்கு வரணும்?"

நியாயமான கேள்வி. ஒரு நாள் வருமானத்தை விடுவது சாதாரண விஷயமா? அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் பாதையைச் சொல்கிறேன். தாராவிக்காரர்கள் சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறலாம். மாட்டுங்காக்காரர்கள் மாட்டுங்காவிலும், செம்பூர்க்காரர்கள் செம்பூரிலும் ஏறலாம். எல்லோரும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் இறங்க வேண்டும். நம் ஆட்கள் இன்னும் வி.டி. என்றுதான் சொல்கிறோம். அங்கிருந்து பஸ்ஸில் 'கேட்வே ஆஃப் இந்தியா' போகலாம். அதற்குப் பக்கத்தில்தான் படகு ஏறும் இடம்.

படகில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். தீவு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வழியில் பார்க்க நிறைய உண்டு. பெரிய பெரிய கப்பல்கள் நிற்கும். ஜவாஹர் தீவு என்று ஒரு சின்னத் தீவு வரும். எண்ணெய்க் கப்பல்கள் அங்கே நிற்கும். அங்கே இறக்கும் எண்ணெய், கடலுக்கு அடியில் குழாய் வழியாகச் செம்பூர் பக்கம் மாகுலில் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போகிறது. செம்பூர்க்காரர்கள் தினமும் அந்த ஆலைகளின் புகையைப் பார்க்கிறீர்கள். அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று அன்று பார்க்கலாம்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். 2024 டிசம்பர் 18 அன்று இந்தத் தீவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பயணிகள் படகின் மீது கடற்படையின் வேகப்படகு ஒன்று மோதியது. இரண்டு படகிலுமாக 15 பேர் இறந்துபோனார்கள். பயணிகளில் பலர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. அதன் பிறகு, எல்லோரும் அதைப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஆகவே படகில் ஏறியதும் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். அழுக்காக இருக்கிறது, வேர்க்கிறது என்று கழற்றி வைக்காதீர்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும் இடத்தைத் தேடிப் படியுங்கள். கூட்டம் அதிகம் என்று தோன்றினால் அடுத்த படகில் போகலாம். உங்களுக்கு இப்போது எண் படிக்கத் தெரியும். அந்தப் படிப்பு அன்று உங்கள் உயிருக்குக் காவல்.

சரி, தீவுக்கு வந்துவிட்டோம். அங்கே இருக்கும் மக்கள் தங்கள் ஊரை 'காராபுரி' என்கிறார்கள். எலிபெண்டா என்ற பெயர் எப்படி வந்தது? 1534-இல் இந்தப் பகுதி போர்த்துக்கீசியர் கைக்குப் போனது. அவர்கள் கரையில் ஒரு பெரிய கல் யானையைப் பார்த்தார்கள். அதனால் யானைத் தீவு என்று பொருள்படும்படி அந்தப் பெயரை வைத்தார்கள்.

அந்த யானை இப்போது தீவில் இல்லை. 1864-இல் வெள்ளைக்காரர்கள் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். தூக்கும்போது விழுந்து உடைந்துபோனது. பிறகு துண்டுகளை ஒன்றுசேர்த்தார்கள். பைகுல்லாவில் ராணி பாக் இருக்கிறதல்லவா? பிள்ளைகளுக்கு மிருகங்களைக் காட்ட நாம் போகிற இடம்தான். அங்கே அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதே ஒரு கல் யானை, அதுதான் இது!

கரையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் நின்று நின்று ஏறுங்கள். சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். குரங்குகள் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

மேலே இருப்பது கட்டிய கோயில் அன்று, குடைந்த கோயில். செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. கரும்பாறையை உளியால் வெட்டி வெட்டி, தூண்களையும் சிலைகளையும் மட்டும் விட்டுவிட்டு, மீதியை வெளியே எடுத்திருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்குக் கழுகுமலை வெட்டுவான் கோயில் தெரியும். அதுவும் ஒரே பாறையில் வெட்டியதுதான். எலிபெண்டா அதற்கும் முந்தியது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் குடைந்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஒரு தூணை வெட்டும்போது கை தவறினால் வேறு கல் வைக்க முடியாது. அப்படிப்பட்ட வேலை அது.

பெரிய குகைக்குள் போனால், எதிரே மூன்று முகம் கொண்ட சிலை தெரியும். உயரம் ஏறக்குறைய 18 அடி. பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் மூன்றும் சிவனுடைய முகங்களே. ஒரு பக்கம் கோபமான முகம். இன்னொரு பக்கம் பெண்மை நிறைந்த முகம். நடுவில் கண் மூடிய அமைதியான முகம். சுற்றிலும் உள்ள சிற்பங்களின் கதைகளும் நமக்குத் தெரிந்தவைதான். நடராஜர் ஆடுகிறார். பார்வதி கல்யாணம் நடக்கிறது. கங்கை சடையில் இறங்குகிறாள். ராவணன் கயிலாய மலையைத் தூக்குகிறான். ஆண் பாதி, பெண் பாதியாக அர்த்தநாரீசுவரர் நிற்கிறார். எதிர்ப்பக்கத்துக் குன்றில் பௌத்தர்களின் குகைகளும் உண்டு.

பல சிலைகளுக்குக் கை இல்லை, கால் இல்லை. சில இடங்களில் வந்தவர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். எழுதப் படித்தவர்கள் செய்த வேலை அது! நாம் அப்படிச் செய்யக் கூடாது. பழைய சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் இருக்கிறது. 1987-இல் யுனெஸ்கோ இந்தக் குகைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவ்வளவு பெரிய வேலையைச் செய்தது யார்? செய்யச் சொன்ன அரசன் யார்? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கலச்சூரி மரபைச் சேர்ந்த கிருஷ்ணராஜன் என்ற அரசனின் நாணயங்கள் தீவில் கிடைத்தன. அதை வைத்து, அவன் காலமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஆனால் ஒரு காலத்தில் அங்கே எழுத்து வெட்டிய கல் ஒன்று இருந்தது. தியோகு தெ கூத்தோ என்ற போர்த்துக்கீசிய வரலாற்று ஆசிரியர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். போர்த்துக்கீசியர் அந்தக் கல்லைப் பெயர்த்துத் தங்கள் அரசருக்கு அனுப்பினார்கள். அங்கே அதைப் படிக்க ஆள் கிடைக்கவில்லை. பிறகு அந்தக் கல்லே தொலைந்துபோனது.

நினைத்துப் பாருங்கள். மலையைக் குடைந்த கைகள். ஆனால் பெயர் இல்லை. ஒரு கல் போனதோடு எல்லாம் போய்விட்டது.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நம் தாத்தா பாட்டிமார் ஊரிலிருந்து ரயிலேறி மும்பைக்கு வந்தார்கள். தாராவியில் தோல் பதனிட்டார்கள். சேற்றை மேடாக்கிக் குடிசை போட்டார்கள். இட்லிக்கூடையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். அவர்கள் எந்த வருடம் வந்தார்கள்? முதலில் வந்தவர் பெயர் என்ன? எங்கே எழுதியிருக்கிறது? எங்கும் இல்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எழுத்துத் தொலைந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பாருங்கள். வரும்போது நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். சுவரில் ஒன்றும் எழுத வேண்டாம். நோட்டில் எழுதுங்கள். உங்கள் குடும்பத்தில் முதலில் மும்பைக்கு வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன வேலை செய்தார் என்று ஐந்து வரி போதும். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. திரும்பும்போது படகில் ஒவ்வொருவராகப் படிப்போம்.

காலை 7 மணிக்கு ஸ்டேஷனில் சந்திப்போம்.