வோர்பரின் குளிசையும் நம்ம வீட்டுக் கீரையும்

(பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



மலையிலிருந்து நேரே வந்து, கூடையை வெளியில வச்சிட்டு உட்கார்ந்திருக்கீங்க. அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு நான் பேச வந்தது வோர்பரின் என்கிற சின்னக் குளிசையைப் பற்றி. நம்ம தோட்டத்தில் இதைக் குடிக்கிறவர்கள் ஒரு சிலர்தான். ஆனால் அந்த ஒரு சிலருடைய உயிர், வீட்டில் சமைக்கிறவர் கையிலும் இருக்கு, லீவு கொடுக்கிறவர் கையிலும் இருக்கு. ஆகையால் எல்லாருக்குமே சொல்கிறேன்.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முந்தி நான் வேறொரு தோட்டத்தில் வேலை செய்தேன். அங்கே கொழுந்தெடுக்கிற ஒரு தங்கச்சி. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதாகி, ஆபரேஷன் செய்து உலோக வால்வு போட்டவர். ஒரு நாள் பிரட்டுக்களத்தில் என்னிடம் வந்து, "ஐயா, நாளைக்கு கிளினிக். இரத்தம் சோதிக்கணும். தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். கொழுந்து நல்லா வந்திருந்த நேரம். நான், "இப்ப நல்லாத்தானே இருக்கீங்க, அடுத்த மாசம் போங்களேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் போகவில்லை. அந்த நாட்களில் யாரோ "கீரையைத் தொடவே கூடாது" என்று சொல்லியிருக்கிறார்கள். கீரையை அடியோடு விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் முரசில் இரத்தம் கசிந்தது. பயந்துபோய்க் குளிசையையும் தானாகவே நிறுத்திவிட்டார். இரண்டு கிழமை போனது. ஒரு காலையில் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து விழுந்தது. வாய் கோணியது. பேச்சு குழறியது. பாரிசவாதம். ஆள் பிழைத்தார். ஆனால் வலது கை இன்றைக்கும் சரியாக வரவில்லை. கொழுந்தெடுத்த கை அது.

அன்றைக்கு அந்தத் தங்கச்சிக்கும் எனக்கும் தெரியாமல் இருந்ததைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

காயம் பட்டால் இரத்தம் உறைய வேண்டும். இல்லாவிட்டால் நாம் பிழைக்க மாட்டோம். ஆனால் உலோக வால்வு போட்டவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்கள், கால் நாளத்தில் இரத்தக் கட்டி வந்தவர்கள், இவர்களுக்கு உள்ளுக்குள்ளேயே இரத்தம் உறைந்துவிடலாம். இதயத்தில் உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். கால் கட்டி நெஞ்சுக்கு ஏறினால் மூச்சடைப்பு. அதைத் தடுக்கத்தான் இந்தக் குளிசை. "இரத்தத்தைத் தண்ணியாக்கும் மருந்து" என்று சொல்கிறோம். உண்மையில் இரத்தம் தண்ணியாவதில்லை, உறைவதற்கு எடுக்கிற நேரம்தான் கூடுகிறது.

நமக்கு அட்டையைத் தெரியும். அட்டை கழன்று விழுந்த பிறகும் இரத்தம் வழிந்துகொண்டே இருக்கும் இல்லையா? அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கு. குளிசை வேறு வழியில் வேலை செய்கிறது. இரத்தம் உறையத் தேவையான பொருட்களை நம் ஈரல் செய்கிறது. அதற்கு வைட்டமின் கே என்கிற சத்து வேண்டும். அந்தச் சத்து வேலை செய்வதை வோர்பரின் மட்டுப்படுத்துகிறது.

"ஐயா, இது எலி மருந்தாமே?" என்று சிலர் கேட்கிறீங்க. ஒளிக்காமல் சொல்கிறேன். 1933இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒரு விவசாயியின் மாடுகள் இரத்தம் கொட்டிச் செத்தன. பூஞ்சணம் பிடித்த தீவனம்தான் காரணம். கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியும் அவருடைய ஆட்களும் அந்தத் தீவனத்தில் இருந்த பொருளை 1939இல் பிரித்தெடுத்தார்கள். அதை வைத்துப் பிறகு உண்டாக்கிய வோர்பரின், 1948இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷமே, மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள். ஆக, அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு, அளவோடு இருந்தால் உயிர் காக்கும் மருந்து. அந்த அளவைப் பார்க்கத்தான் இரத்தச் சோதனை.

சோதனையில் வருகிற எண்ணுக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். குளிசை குடிக்காதவருக்கு அது 1 அளவில் இருக்கும். குளிசை குடிக்கிற அநேகருக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். சில உலோக வால்வுக்காரருக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் வேண்டும் என்று டொக்டர் சொல்லுவார். உங்களுக்கு எந்த எண் என்று கேட்டு, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வாங்குங்க. எண் குறைந்தால் கட்டி வரும். கூடினால் இரத்தம் கசியும். கூடுவதும் குறைவதும் உடம்பில் தெரியாது. "நல்லாத்தானே இருக்கீங்க" என்று நான் சொன்ன வார்த்தை எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது விளங்குதா?

இனி கீரைக்கு வருவோம். கொழுந்து நிறுக்கிற தராசை நினைச்சுக்கொள்ளுங்க. ஒரு தட்டில் குளிசை, மற்றத் தட்டில் கீரை. நீங்கள் வழமையாகச் சாப்பிடுகிற கீரைக்கு ஏற்றபடிதான் டொக்டர் குளிசையின் அளவைப் பொருத்துகிறார். கீரையைத் திடீரென்று நிறுத்தினால் எண் ஏறும். ஒரேயடியாக அள்ளிச் சாப்பிட்டால் எண் இறங்கும். முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், கோவா, லீக்ஸ் எல்லாவற்றிலும் வைட்டமின் கே இருக்கு. இவற்றை விலக்கச் சொல்லவில்லை. நம் பெண்களுக்கு இரத்தச்சோகை அதிகம், கீரை வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள் ஒரு பிடி கீரை சாப்பிடுகிறவர் அதே இரண்டு நாள், அதே ஒரு பிடி சாப்பிடட்டும். லயத்துக்குப் பின்னால் கீரை தழைத்துவிட்டது என்று மூன்று வேளையும் கீரை வேண்டாம். விரதம் என்று சாப்பாட்டை மாற்றினால் கிளினிக்கில் சொல்லுங்க. சோறு, ரொட்டி, பருப்பு, கிழங்கு, சாயத் தேத்தண்ணி எல்லாம் வழமைபோல இருக்கலாம். கசிப்பும் சாராயமும் வேண்டாம். ஈரலையும் கெடுக்கும், எண்ணையும் குழப்பும்.

குளிசை குடிக்கிற முறை: ஒவ்வொரு நாளும் ஒரே நேரம். அந்தியில் குடிப்பது வசதி. ஒரு நாள் மறந்து, அன்றைக்கே ஞாபகம் வந்தால் குடியுங்க. மறுநாள்தான் ஞாபகம் வந்தால் இரண்டு நாள் குளிசையைச் சேர்த்துக் குடிக்கக் கூடாது. வழமையான அளவை மட்டும் குடித்து, தவறிய நாளைக் கொப்பியில் குறியுங்க. 1, 3, 5 மில்லிகிராம் என்று வெவ்வேறு குளிசைகள் இருக்கு. நிறத்தை நம்பாதீங்க, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு வாங்குங்க. அளவு மாற்றினால் அது இரத்தத்தில் தெரிய இரண்டு மூன்று நாளாவது போகும். அதனால்தான் "கிழமை கழித்து வாங்க" என்கிறார்கள், அலைக்கழிக்க அல்ல.

மேல் வலி என்று கடையில் டிஸ்பிரின், டைக்ளோபெனக், ஐபுபுரூபன் வாங்கி விழுங்க வேண்டாம். வலிக்கு அளவான பரசிட்டமோல் போதும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் போன்ற சில மருந்துகள் எண்ணை வேகமாக ஏற்றும். நாட்டு மருந்தும் அப்படித்தான். எந்த மருந்து வாங்கப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், ஊசி போடப் போனாலும், "நான் வோர்பரின் குடிக்கிறேன்" என்று முதலில் சொல்லுங்க. காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், திகதி வரும்வரை காத்திருக்காமல் சோதனைக்குப் போங்க.

இளம் பெண்களுக்கு ஒரு முக்கிய விஷயம். கருத்தரித்த முதல் மாதங்களில் இந்தக் குளிசை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். பிள்ளை வேண்டும் என்றால் முன்கூட்டியே டொக்டரிடம் பேசுங்க. நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே சொல்லுங்க. வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம், பயந்து தானாகக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம். இரண்டுமே ஆபத்து.

சோதனை தேவையில்லாத புதுக் குளிசை வந்திருக்கு என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் எல்லாருக்கும் அல்ல. உலோக வால்வுக்காரருக்கு டபிகட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. கட்டியும் கூடியது, கசிவும் கூடியது. வாதக் காய்ச்சலால் இதயம் பழுதாகித் துடிப்பும் தாறுமாறானவர்கள் சுமார் 4,500 பேரை 24 நாடுகளில் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. அதில் ரிவரொக்சபானைவிட வோர்பரின் குடித்தவர்களில்தான் மரணம் குறைவு. ஆகவே டொக்டர் மாற்றாமல் நீங்களாக மாற்றாதீங்க.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் எது? மலம் கறுத்துப்போனால், சிறுநீரில் இரத்தம் வந்தால், மாதவிடாய் வழமைக்கு மேல் கொட்டினால், தலையில் அடிபட்டால், தாங்க முடியாத தலையிடி வந்தால். வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். அட்டைக் கடிக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டுக்கும் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்க. நிற்காவிட்டால் டிஸ்பென்சரிக்கு வாங்க.

தாய்மாரே, பிள்ளைக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, பிறகு மூட்டு மாறி மாறி வீங்கினால் சும்மா விடாதீங்க. வாதக் காய்ச்சலாக இருக்கலாம். மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒரு தரம் போடுகிற பென்சிலின் ஊசியைத் தவறாமல் போட்டால் வால்வைக் காப்பாற்றலாம்.

கடைசியாக, கங்காணிமாருக்கும் தலைவர்மாருக்கும் ஒரு வார்த்தை. பதுளை பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, முடிவு வாங்கித் திரும்ப ஒரு பகல் போய்விடும். ஒரு பேர் போகிறது உண்மைதான். போன பேரை அடுத்த மாசம் உழைச்சுக்கொள்ளலாம். போன கையை எங்கே வாங்குவது?

என் கந்தோர்ச் சுவரில் ஒரு கலண்டர் மாட்டியிருக்கிறேன். குளிசை குடிக்கிறவர்கள் உங்கள் கிளினிக் திகதியை வந்து சொல்லுங்க. நானே எழுதி வைக்கிறேன், முதல் நாளே கணக்கப்பிள்ளைக்கும் தொரைக்கும் சொல்லிவிடுகிறேன். மழைக்குப் பாதை அடைபடுகிற காலத்தில் ஒரு கிழமைக் குளிசையாவது கையில் மிச்சம் இருக்கப் பார்த்துக்கொள்ளுங்க. "அடுத்த மாசம் போங்க" என்று இனி என் வாயால் யாருக்கும் சொல்ல மாட்டேன்.