இரண்டாம் ஆண்டின் கேள்விகளுக்குத் தயாராகுங்கள்!

(கும்மிடிப்பூண்டி வட்டார இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்று நம் மேடைகளில் நெடுங்காலமாகப் பேசி வருகிறோம். இன்று அதற்கு அடுத்த கட்டத்தைப் பேச வேண்டியிருக்கிறது. எம்.எஸ்ஸி. முடித்து, அறிவியலில் பி.எச்.டி. ஆய்வுக்குச் சேர்ந்த பிள்ளைகள் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் காலை மின்சார ரயில் ஏறி சென்னைக்குப் போகிறார்கள். சேர்ந்த செய்தி ஊர் முழுக்கத் தெரிகிறது. ஆனால் இரண்டாம் ஆண்டில் அவர்கள் சந்திக்கும் ஒரு பரீட்சையைப் பற்றி வீட்டில் உள்ளவர்களுக்கே தெரிவதில்லை. இந்தப் பரீட்சையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அது என்ன பரீட்சை?

பி.எச்.டி.யில் சேர்ந்தவர் முதலில் பாடங்கள் படித்துத் தேற வேண்டும். யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 12 கிரெடிட் பாடங்கள். அவற்றில் 55 சதவீத மதிப்பெண். அதன் பிறகு சென்னை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் காம்ப்ரிஹென்சிவ் வைவா என்ற வாய்மொழித் தேர்வு உண்டு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் வென்று ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை பெறுபவருக்கோ இரண்டு ஆண்டு முடிவில் ஒரு மதிப்பீடு நடக்கும். வழிகாட்டிப் பேராசிரியர், துறைத் தலைவர், வெளி நிறுவனத்திலிருந்து வரும் ஒரு நிபுணர் என மூவர் குழு உட்காரும். தேறினால் எஸ்.ஆர்.எஃப். ஆகலாம். 2023 ஜனவரி 1 முதல் உயர்த்தப்பட்ட வீதப்படி, 37,000 ரூபாய் 42,000 ஆகும். தேறாவிட்டால் மூன்றாம் ஆண்டும் பழைய தொகையிலேயே தொடர வேண்டும். குழு முடிவு செய்தால் உதவித்தொகையே நின்றுபோகவும் கூடும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? சிறுபான்மை மாணவர்களுக்காக 2009-10ல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை, 2022-23 முதல் நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஒரு கதவு மூடப்பட்ட பிறகு, திறந்திருக்கும் கதவுகளின் மதிப்பு கூடிவிடுகிறது. கடினப்பட்டு வாங்கிய ஜே.ஆர்.எஃப்.பை இரண்டாம் ஆண்டில் நழுவவிட நமக்குக் கட்டுப்படியாகாது.

இளைஞர்களே, உங்களிடம் முதலில் பேசுகிறேன்.

இந்தத் தேர்வில் பலர் சறுக்குவது கடினமான கேள்வியில் அல்ல, எளிய கேள்வியில்தான். நம் பகுதியையே உதாரணமாக எடுப்போம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, நம் பழவேற்காடு. ஒரு மாணவர் அந்த ஏரி நீரில் ஈயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஆராய்கிறார் என வைத்துக்கொள்வோம். நூறு மாதிரிகளை அளந்து அழகான வரைபடங்களோடு போகிறார். குழு என்ன கேட்கும்?

ஈயத்தை அளக்கும் கருவியில் ஈயத்துக்கென்று தனி விளக்கு எதற்கு? ஒளி உறிஞ்சப்படும் அளவுக்கும் கரைசலின் அடர்த்திக்கும் என்ன தொடர்பு? ஏரி நீரின் உப்பு அளவைக் கெடுக்காதா? கெடுத்தால் அதை எப்படிச் சரி செய்தீர்கள்? மாதிரி எடுத்த உடனே பாட்டிலில் நைட்ரிக் அமிலம் ஊற்றியது ஏன்? வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் வந்து கலக்கும்போது எடுத்த அளவையும், கோடையில் உப்பு ஏறியிருக்கும்போது எடுத்த அளவையும் எப்படி ஒப்பிடுகிறீர்கள்?

இவற்றில் பாதிக் கேள்விகள் எம்.எஸ்ஸி. பாடத்திலேயே இருப்பவை! ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளத்தைத்தான் உறிஞ்சும். ஆகவே தனி விளக்கு. அமிலம் சேர்க்காவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அளவு குறைத்துக் காட்டும். இதைத் தினமும் செய்கிறவருக்கு, ஏன் செய்கிறோம் என்று சொல்ல வராவிட்டால், குழு அவரை ஆய்வாளராக எப்படி ஏற்கும்?

எனவே தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே மூன்று வேலைகளைத் தொடங்குங்கள்.

முதலாவது, உங்கள் ஆய்வு நிற்கும் அடிப்படைப் பாடங்கள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான்கைந்துக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடநூலை எடுத்து, கணக்குகளைக் கையால் போட்டுப் பாருங்கள். படித்தால் புரிந்தது போலத்தான் இருக்கும். மூடி வைத்துவிட்டு எழுதினால்தான் ஓட்டை தெரியும்.

இரண்டாவது, உங்கள் துறையில் நீங்கள் சார்ந்திருக்கும் முக்கியமான கட்டுரைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள்: அவர்கள் கேட்ட கேள்வி என்ன, எப்படி அளந்தார்கள், எதை விட்டுவிட்டார்கள்? அவர்கள் விட்ட இடம்தான் உங்கள் ஆய்வு தொடங்கும் இடம்.

மூன்றாவது, வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். இது வாய்மொழித் தேர்வு! கரும்பலகை முன் நின்று, உங்கள் துறையைச் சேராத நண்பர்கள் இருவரை உட்கார வைத்து, குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். விடை தெரியாத கேள்வி வந்தால் சுற்றி வளைக்க வேண்டாம். "இது எனக்குத் தெரியாது, ஆனால் கண்டுபிடிக்க இப்படி முயல்வேன்" என்று சொல்லும் பழக்கம் வரட்டும். நேர்மையான அந்தப் பதிலுக்கு மதிப்பு உண்டு.

இனி வியாபாரப் பெருமக்களுக்கு.

ஆண்டு முடிவில் கடையில் இருப்புக் கணக்கு எடுக்கிறோம். பேரேட்டில் எழுதியதும் அலமாரியில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். அந்த ஒரு வாரம் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள மாட்டோம் அல்லவா? உங்கள் பிள்ளைக்கு இது இருப்புக் கணக்கு எடுக்கும் காலம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "இருபத்தைந்து வயதாகியும் இன்னும் படிப்பா?" என்று கேட்கிறோம். கல்லாவில் உட்கார ஆள் இல்லை என்று வரச் சொல்கிறோம். திருமணத் தேதியைச் சரியாக அந்த மாதத்தில் குறிக்கிறோம்! மூன்று மாதம், மூன்றே மாதம் பொறுத்துக்கொண்டால் போதும்.

அறிவியல் நம் தொழிலுக்கு வெளியே இருப்பதல்ல. 1996ல் வேலூர் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்புக்கு வழி செய்யாத ஆலைகள் மூடப்பட வேண்டும் என்றது. அந்தச் சூழலில் தோல் வியாபாரிகள் தீர்வு தேடிப் போன வாசல்களில் ஒன்று, 1948ல் தொடங்கப்பட்ட அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். கழிவுநீரில் உள்ள குரோமியத்தை அளக்கவும் மீட்கவும் தெரிந்தவர்கள் வியாபாரத்துக்கு எவ்வளவு அவசியம் என்பது அன்று புரிந்தது. நம்மைச் சுற்றி சிப்காட் ஆலைகள் நிற்கின்றன. இங்குள்ள தண்ணீரையும் காற்றையும் அளந்து சொல்ல நம் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 விதிகளில் பி.எச்.டி. முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வும், 240 நாள் மகப்பேறு விடுப்பும் உண்டு. "கல்யாணம் ஆனால் ஆய்வு போய்விடும்" என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். விதி கொடுக்கும் உரிமையை வீடு பறிக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆய்வில் இருக்கும் பிள்ளைகள் யார் யார், அவர்களின் இரண்டாம் ஆண்டுத் தேர்வு எப்போது என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஏற்கெனவே தேறியவர் ஒருவரை அழைத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒத்திகைத் தேர்வு நடத்துங்கள். ஒரு கரும்பலகை, நான்கு நாற்காலி, தேநீர்ச் செலவு, இவ்வளவுதான் தேவை. இதைக்கூட நம்மால் செய்ய முடியாதா? முடியும். இந்த மாதமே தொடங்குங்கள்!