மெட்மனம் மாளிகையின் பூதக்கண்ணாடி



விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் படிப்பது ஒரு கலை. கண் கூர்மையாக இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணைவிடப் பொறுமைதான் அதற்கு முதல் என்பேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, இங்கிலாந்தில் தேம்ஸ் நதியோரம் மெட்மனம் என்ற ஊரில் ஒரு பெரிய மாளிகையை இந்த வேலைக்காகப் பிரிட்டிஷ் விமானப்படை எடுத்துக்கொண்டது. தொல்லியலாளர்கள், நிலவியலாளர்கள், பேராசிரியர்கள், விமானப்படையில் சேர்ந்த இளம்பெண்கள் என்று அங்கே ஒரு கலவையான கூட்டம். பிரதமர் சர்ச்சிலின் மகள் சாராவும் அவர்களில் ஒருவர்.

அவர்கள் கையாண்ட முக்கியக் கருவி ஸ்டீரியோஸ்கோப். ஒரே இடத்தைச் சில விநாடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அதன் இரு வில்லைகளுக்கும் கீழே வைக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால், தட்டையான தாளிலிருந்து கட்டடங்கள் எழும்பி நிற்கும். நிழல் நம்மை நோக்கி விழும்படி படத்தை வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் மேடு பள்ளமாகத் தோன்றி ஏமாற்றிவிடும்.

1943 இலையுதிர் காலத்தில் வடபிரான்சில் விசித்திரமான கட்டுமானங்கள் முளைத்தன. பனிச்சறுக்குப் பலகையைப் பக்கவாட்டில் சாய்த்ததுபோல ஒரு முனை வளைந்த நீண்ட கட்டடங்கள். பக்கத்தில், சாய்தளம் அமைக்கத் தோதாக நட்ட தூண்கள். பல இடங்களில் அவை லண்டனை நோக்கியிருந்தன. 90-க்கும் மேற்பட்ட தளங்கள்! ஆனால் அங்கிருந்து எதை ஏவப் போகிறார்கள் என்பது புரியவில்லை.

விடை பால்டிக் கடலோரம், பீனமுண்டே என்ற ஜெர்மன் சோதனைத் தளத்தில் இருந்தது. மெட்மனத்தில் விமானப் பிரிவின் தலைவியான கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் அந்த இடத்தின் பழைய படங்களை மறுபடி புரட்டினார். கரையோரத்தில், மண் அணைத்த ஒரு சாய்தளம் தெரிந்தது. தூர் வாரும் எந்திரமாக இருக்கும் என்று வேறொரு பிரிவினர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவர் விடவில்லை.

நவம்பர் 28-ஆம் தேதி மெரிஃபீல்டு என்ற விமானி, மொஸ்கிட்டோ விமானத்தில் பெர்லினைப் படமெடுக்கப் போனார். மேகம் மறைத்தது. வெறுங்கையோடு திரும்பாமல் பால்டிக் கரைப்பக்கம் போய்ப் படமெடுத்து வந்தார். அந்தப் படங்களில் ஒன்றில், அதே சாய்தளத்தின் மேல் சிலுவை வடிவில் பொடிப் பொட்டு ஒன்று. ஆளில்லாமல் பறக்கும் குண்டு ஏவலுக்குத் தயாராக நிற்கிறது! பிரான்சின் தூண்களுக்கும் ஜெர்மனியின் சாய்தளத்திற்கும் உள்ள உறவு அந்தப் பொட்டில்தான் புலப்பட்டது. மெரிஃபீல்டுக்கு அன்று மேகம் வழிவிட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இந்தக் கலையை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. டிசம்பரிலிருந்து நேச நாட்டு விமானங்கள் பிரான்சிலிருந்த அந்தத் தளங்களைத் தாக்கின. ஜெர்மானியர்களோ அவற்றைக் கைவிட்டு, முன்கூட்டிச் செய்த பாகங்களைச் சட்டெனப் பொருத்தும் எளிய தளங்களுக்கு மாறினார்கள். பண்ணை வீடுகளுக்கும் மரங்களுக்கும் நடுவே ஒளிந்த அவற்றைப் படத்தில் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. 1944 ஜூன் 13 அன்று லண்டனில் முதல் குண்டு விழுந்தது. கிழக்கு லண்டனின் போ பகுதியில் 6 பேர் உயிரிழந்தார்கள்.

ஆக, படம் படித்தவர்கள் தந்தது கேடயம் அல்ல, அவகாசம். சில மாதங்கள் முன்பே அந்தக் குண்டுகள் வந்திருந்தால் நார்மண்டிப் படையெடுப்பு மிகவும் கடினமாகியிருக்கும் என்று தளபதி ஐசன்ஹோவரே பின்னர் எழுதினார். வானத்தில் அவற்றைத் தடுத்தது வேறு கூட்டம்: வேகமான போர் விமானங்கள், பலூன் வேலி, ஜூலையில் கடற்கரைக்கு நகர்த்திய பீரங்கிகள். இலக்கை நெருங்கியதும் தானாக வெடிக்கும் எறிகணைகளும் ராடாரும் சேர்ந்தபின் அந்தப் பீரங்கிகளின் கை ஓங்கியது. ஆகஸ்ட் 28-ஆம் தேதி 90-க்கும் மேற்பட்ட குண்டுகள் வந்தன. லண்டனை எட்டியவை 4.