கசந்தாலும் கணக்கைச் சொல்!

(இளைஞர் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பி.எஸ்ஸி., பி.ஃபார்ம்., நர்சிங் முடித்துவிட்டு "அடுத்து என்ன?" என்று நிற்கும் பிள்ளைகளிடம் வளைகுடா விசாவைத் தவிர வேறு எதையும் நாம் சொல்வதில்லை. இன்று ஒரு தொழிலைச் சொல்கிறேன். புற்றுநோயை வராமல் தடுக்க வழி தேடி மக்களிடையே ஆய்வு நடத்துகிறார்களே, அந்த ஆய்வை நிர்வகிக்கும் தொழில்.

நோயாளிக்கு மருந்து கொடுப்பது வேறு. நோயே இல்லாதவரிடம் போய், "பல ஆண்டுகள் இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள்" என்று கேட்பது வேறு. அவர் தன் உடம்பை அமானிதமாக ஒப்படைக்கிறார். நன்மை தீமைகளைப் புரியும்படி சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும். அது சாப்பிடுபவருக்கும் தெரியக்கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது. ஆண்டுக்கணக்கில் அவரைத் தொடர்ந்து சென்று ஒவ்வொரு விவரத்தையும் பதிய வேண்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி என்கிறீர்களா?

காய்கறி, பழம் அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டார்கள். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டீன்தான் காரணமோ என்று எண்ணினார்கள். பின்லாந்தில் 1985இல் ஆய்வு தொடங்கியது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் சேர்ந்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டீன் சாப்பிட்டவர்களிடம் நோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது!

அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் அதனுடன் வைட்டமின் ஏ சேர்த்துச் சோதித்தார்கள். அங்கும் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம். இறப்பு 17 சதவீதம் அதிகம். மூடி மறைத்தார்களா? இல்லை. 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே மாத்திரையை நிறுத்தி, உலகுக்கே அறிவித்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! பல ஆண்டு உழைப்பு. எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு. பதிவேட்டில் ஒருவர் கைவைத்திருந்தால் என்னவாகும்? நஷ்டத்தை மறைத்து லாபம் காட்டும் வியாபாரியால் ஒரு கடை கெடும். இங்கே கணக்கு பொய்யானால், நல்லது என்று நம்பி மாத்திரை வாங்கும் புகைப்பழக்கக்காரர்களின் உயிர் போகும்.

நல்ல முடிவு வந்ததும் உண்டு. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வைப் பாருங்கள். கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கண்டறிந்தார்கள். 30 முதல் 59 வயதுவரையுள்ள 31,343 பெண்கள் சோதனைக்கு வந்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் இறப்பு 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது.

இந்த வேலைக்குப் பெண்கள் வேண்டும், சகோதரர்களே! கூச்சத்தால் வாய்திறக்காத தாய்மார்கள், தங்களைப் போன்ற ஒரு பெண்ணிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். அந்தப் பெண் நம் மகளாக ஏன் இருக்கக்கூடாது?

கடைத்தெருவில் சரியான நிறைக்குப் பெயர் வாங்கியவர்கள் நாம். அந்த நாணயத்தை ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டு செல்வோம். பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள்!